பல்லுக் கறையை எந்தக் கோட்பாடு விளக்கும்?

பென்னாகரத்துப் பொண்ணு:
தொலைதூரக் கல்வியில் எம்.ஏ. சமூகவியல் படிக்கிறேன். சமூகச் சிக்கல் எதையும் மூன்று வழியில் பார்க்கலாம் என்கிறது பாடம்: செயல்பாட்டுக் கோட்பாடு (சமூகம் உடம்பு போல, ஒவ்வொரு உறுப்புக்கும் ஒரு வேலை), முரண்பாட்டுக் கோட்பாடு (இருப்பவருக்கும் இல்லாதவருக்கும் நடக்கும் மோதல்), குறியீட்டு இடைவினைக் கோட்பாடு (மனிதர்கள் பழகும்போதுதான் எதற்கும் அர்த்தம் பிறக்கிறது). எனக்கு மூன்றாவதுதான் சரியென்று படுகிறது. காரணம் என் அக்கா. பொண்ணு பார்க்க பெங்களூரிலிருந்து வந்தவர்கள் காப்பி குடித்துவிட்டுப் போனார்கள். "பொண்ணுக்குப் பல்லு மஞ்சளா இருக்குதாம்" என்று தரகர் பிறகு போனில் சொன்னார். எங்கள் தெருவில் அவள் வயசுக்காரர்கள் முக்கால்வாசிப் பேருக்கு அதே பல்தான். ஊருக்குள் யாரும் அதை ஒரு குறையாகப் பேசியதே இல்லை. இழுக்கு என்பது உடம்பில் இல்லை, மனிதர்கள் எதிரெதிரே நிற்கும்போது பிறப்பது என்று சமூகவியலாளர் கோஃப்மன் 1963-இல் எழுதினார். அதைத்தான் என் வீட்டுத் திண்ணையில் பார்த்தேன். அக்கா இப்போதெல்லாம் போட்டோவில் உதட்டைப் பிரிப்பதில்லை.

பாலக்கோட்டான்:
தங்கச்சி, படிக்கவே மனசு கஷ்டமாக இருக்கிறது. ஆனால் பார்க்கிறவர் பார்வையில் தொடங்கினால், கறைக்குக் காரணமான போர்வெல் தப்பித்துக்கொள்ளும். நம் பூமி கருங்கல் பாறை. அதில் தண்ணீர் எவ்வளவு காலம் ஊறுகிறதோ அவ்வளவு ஃப்ளோரைடு என்ற உப்பு கரைகிறது. அது அளவு மீறினால் பல்லில் கறை விழும், எலும்பும் கெடும்; ஃப்ளோரோசிஸ் என்பது அந்த நோய்தான். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம்தான் உச்ச வரம்பு. வசதியுள்ளவன் தோட்டத்தில் ஆழமாகப் போட்டு உறிஞ்சினான், பக்கத்துக் கிணறுகள் வற்றின, காலனிக்காரருக்கு அடிபம்புத் தண்ணிதான் கதி. ஒரே தண்ணீரைக் குடித்தாலும் பாலும் தயிரும் உள்ள வீட்டு எலும்பு தாங்கும், கூழ் குடிக்கிற வீட்டு எலும்பு வளைந்துவிடும். சுண்ணாம்புச் சத்து குறைந்த உடம்பைத்தான் இந்த நோய் அதிகம் முறுக்குகிறது. இது வர்க்கம் இல்லாமல் வேறென்ன? யார் எந்தக் குளத்தில் தண்ணீர் எடுக்கலாம் என்பதற்காக 1927-இல் மகாராஷ்டிராவின் மகாத் ஊரில் பொதுக்குளத்துக்கு நடந்த அம்பேத்கரை விட்டுவிட்டுத் தண்ணீரைப் பற்றிப் பேச முடியாது.

கிருஷ்ணகிரி வாத்தியார்:
தம்பி, எல்லாவற்றிலும் ஒரு வில்லனைத் தேட வேண்டாம். அடிபம்பு யாரையும் சுரண்ட வந்ததல்ல. திறந்த கிணற்றில் இறங்கித் தண்ணீர் மொண்ட காலத்தில் நரம்புச் சிலந்திப் புழு காலைத் துளைத்துக்கொண்டு வெளியே வரும், குழந்தைகள் வயிற்றுப்போக்கில் போவார்கள். அதற்கு மருந்தாகத்தான் ஊர் ஊராக போர் போட்டார்கள். நல்லதற்குச் செய்தது, யாரும் எண்ணாத வேறொரு கேட்டைக் கொண்டுவந்தது. எண்ணாத விளைவு என்று சமூகவியலாளர் மெர்ட்டன் 1936-லேயே இதைத்தான் எழுதினார். உறுப்பு பழுதானால் சமூகம் தன்னைச் சரிசெய்துகொள்ளவும் செய்கிறது. 1,928 கோடி ரூபாயில், ஜப்பான் கடனுதவியோடு, காவிரித் தண்ணீரைத் தரும் ஒகேனக்கல் குடிநீர்த் திட்டம் 2013-இல் வந்ததே!

பாலக்கோட்டான்:
ஐயா, நரம்புச் சிலந்தி பற்றிச் சொன்னது சரி, அதை நான் யோசிக்கவில்லை. ஆனால் "சமூகம் தன்னைச் சரிசெய்துகொண்டது" என்பதை ஒத்துக்கொள்ள மாட்டேன். பல வருஷம் மனு கொடுத்து, மறியல் செய்து, காலிக் குடத்தோடு ரோட்டில் உட்கார்ந்த பெண்கள் கொண்டுவந்த தண்ணீர் அது. தானாகவா வந்தது? எங்கள் கொட்டாயில் இன்றைக்கும் ஒகேனக்கல் தண்ணி வராத நாளில் போர் தண்ணிதான்.

பென்னாகரத்துப் பொண்ணு:
அண்ணா, ஐயா, இரண்டு பேரும் சொன்னதை ராத்திரி முழுக்க யோசித்தேன். பாறையும் போரும் இல்லாமல் கறை இல்லை, சரி. ஆனால் ஒன்றை விட்டுவிட்டீர்கள். பல்லின் எனாமல், அதாவது மேல்பூச்சு, ஏறத்தாழ எட்டு வயதுக்குள் உருவாகிவிடும். அதற்குப் பிறகு எந்தத் தண்ணீர் குடித்தாலும் விழுந்த கறை போகாது. அக்காவுக்கு அந்த வயது போர் தண்ணியில் போனது. ஒகேனக்கல் தண்ணீரில் வளர்ந்த என் சித்தி மகனுக்குப் பல் பால் போல இருக்கிறது. முன்பு தெருவே ஒரே மாதிரி இருந்ததால் யாருக்கும் அது தெரியவில்லை. இப்போது ஒரே வீட்டில் இரண்டு வகைப் பல். ஐயா சொல்லும் அந்தத் தீர்வு வந்த பிறகுதான் மூத்தவர்களின் கறை பளிச்சென்று தெரிகிறது. தண்ணீரைப் பற்றி மட்டும் பேசினால் இது எங்கே வரும்?

கிருஷ்ணகிரி வாத்தியார்:
இதை நான் நினைக்கவே இல்லை அம்மா. ஆனாலும் அதற்காகத் தண்ணீர் வந்ததைக் குறையாகச் சொல்ல முடியுமா?

பென்னாகரத்துப் பொண்ணு:
குறையாகச் சொல்லவில்லை ஐயா. 1959-இல் சமூகவியலாளர் மில்ஸ் கேட்டதைத்தான் கேட்கிறேன். ஒரு லட்சம் பேர் உள்ள ஊரில் ஒருவனுக்கு மட்டும் வேலை இல்லையென்றால் அது அவன் பாடு, 5 கோடி உழைப்பாளிகளில் ஒன்றரைக் கோடிப் பேருக்கு இல்லையென்றால் அது நாட்டின் பிரச்சினை என்றார் அவர். கறையை மறைக்கப் பல் மருத்துவர் ஒரு தொகை சொல்கிறார். அம்மா சீட்டு எடுக்கலாமா என்று கணக்குப் போடுகிறாள். ஒரு தெருவுக்கே விழுந்த கறை எப்படி ஐயா எங்கள் வீட்டுச் செலவாகும்? ஒகேனக்கல் திட்டத்தின் பெயரிலேயே 'ஃப்ளோரோசிஸ் தணிப்பு' என்று இருக்கிறது. அக்காவின் பல் அதில் சேர்த்தியா, இல்லையா?