பாம்பன் குடும்பம்: சனிக்கிழமைச் செய்திகள்

பெரியப்பா, காலை 6:10
கயல், விருந்தாளிகள் எழுந்துவிட்டார்களா? எட்டு மணிக்குள் சாலைப் பாலத்துக்கு வந்துவிடுங்கள். 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம் அங்கிருந்து நன்றாகத் தெரியும். நடுவிலுள்ள 72.5 மீட்டர் துண்டு கப்பலுக்கு வழிவிட்டு அப்படியே மேலே எழும்பும். 1914-இல் கட்டிய பழைய பாலத்தின் கதையை நானே வந்து சொல்கிறேன்.

கயல், காலை 6:22
எழுந்துவிட்டார்கள் பெரியப்பா. பாலத்துக்கு மாலையில் வருகிறோம். நேற்றுச் சாப்பிடும்போது, அத்தை கடலில் மூழ்கிப் பாசி எடுப்பார் என்று சொன்னேன். அதிலிருந்து, கணவரோடு வந்திருக்கிற அந்த ஜப்பான் பிள்ளை வேறெதையும் கேட்கவில்லை. இன்று அத்தையின் ஊரான சின்னப்பாலத்துக்குப் போகிறோம்.

மண்டபம் சித்தி, காலை 6:31
சின்னப்பாலம் வேண்டாம் கயல். பாசி காயும் வாடை தூக்கலாக இருக்கும். ஜப்பானிலிருந்து வந்தவர்களை மணலிலா உட்கார வைப்பது? மதினி தப்பாக நினைக்கக் கூடாது. ராமேஸ்வரம் கோயிலுக்குக் கூட்டிப் போ, மூன்றாம் பிரகாரத்தைப் பார்த்தால் அசந்துபோவார்கள்.

சின்னப்பாலம் அத்தை, காலை 6:40
பேத்தி எழுதுகிறேன். அப்பத்தா விடியுமுன்பே படகேறிவிட்டார். நேற்று அமாவாசை அல்லவா, இந்த நாட்களை விட்டால் பௌர்ணமிக்குத்தான் போவார்கள். பதினொரு மணிக்குக் கரை திரும்புவார். விருந்தாளிகள் வரட்டும் என்றார். மீன் குழம்புக்குப் புளி ஊறப்போட்டாயிற்று.

கயல், பிற்பகல் 2:15
கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், எல்லோரும் படியுங்கள்.

நாங்கள் போய் நின்றபோது அத்தை படகிலிருந்து இறங்கிக்கொண்டிருந்தார். சேலைக்கு மேல் மாமாவின் பழைய சட்டை, நெற்றியில் ஏற்றிவிட்ட கண்ணாடி, இடுப்பில் சொட்டுகிற வலைப்பை. பத்து விரலிலும் துணிச்சுற்று. அந்தப் பிள்ளை ஓடிப்போய் வலைப்பையை ஒரு பக்கம் பிடித்துக்கொண்டாள். பிறகு குனிந்து பாசியை முகர்ந்தாள். முகம் மாறிவிட்டது. அவள் பாட்டி வீட்டில் இதே போன்ற பாசியைக் காயவைத்து, கொதிக்கவைத்து, 'கந்தென்' என்று கெட்டியாக ஒரு பண்டம் செய்வார்களாம். நோன்புக் காலத்தில் கீழக்கரையில் நமக்குக் கொடுப்பார்களே கடல்பாசி, அதேதான்! நம் மரிக்கொழுந்துப் பாசியிலிருந்தும் அந்தச் சரக்குத்தான் எடுக்கிறார்கள் என்றதும் கணவரைக் கூப்பிட்டுக் கூப்பிட்டுக் காட்டினாள்.

ஜப்பானிலும் கடலில் மூழ்கிச் சிப்பியும் பாசியும் எடுக்கும் பெண்கள் இருக்கிறார்கள். 'அமா' என்று பெயர். எழுபது வயதிலும் மூழ்குகிறவர்கள் உண்டு. அவர்களைப் பார்க்கவே வெளியூர்க்காரர்கள் போவார்களாம். "உங்கள் அத்தை அமா என்று ஏன் முதல் நாளே சொல்லவில்லை?" என்று என்னிடம் கேட்டாள். எனக்குப் பதில் வரவில்லை.

அத்தை துணியை ஒவ்வொரு சுற்றாக அவிழ்த்தார். விரல் நுனியெல்லாம் உப்பில் ஊறி வெளுத்து, பாறை கிழித்த கோடுகள், சில ஆறியவை, சில இன்றைக்கு விழுந்தவை. கட்டைவிரலில் ரேகையே இல்லை. ரேஷன் கடை இயந்திரத்தில் விரலை வைத்தால் ஏற்க மறுக்கிறது என்று அத்தை சாதாரணமாகச் சொன்னார். நான் மொழிபெயர்த்தேன். அந்தப் பிள்ளை அத்தையின் கையை மடியில் வைத்துக்கொண்டு வெகுநேரம் விடவில்லை.

சௌதி அண்ணன், பிற்பகல் 2:34
ரேஷன் கடையில் இப்படி என்று யாரும் என்னிடம் சொல்லவே இல்லையே. பெரியப்பா, திங்கட்கிழமை அத்தையோடு நீங்கள் போய்க் கேளுங்கள். வேறு வழி இருக்கும்.

பெரியப்பா, பிற்பகல் 2:41
போகிறேன். தங்கச்சி என்னிடமும் சொன்னதில்லை.

மண்டபம் சித்தி, பிற்பகல் 3:05
கல்யாணமாகி வந்து பதினெட்டு வருடம். எத்தனை முறை மதினி கையால் சாப்பிட்டிருக்கிறேன். அந்தக் கையை ஒரு நாள் பிடித்துப் பார்த்ததில்லை. காலையில் எழுதியதற்கு மன்னித்துக்கொள்ளுங்கள் மதினி.

கயல், மாலை 6:50
தனுஷ்கோடியில் இருக்கிறோம். 1964 புயலில் இடிந்த தேவாலயத்தருகே சற்று நேரம் நின்றோம். அரிச்சல்முனையில் ஒரு பக்கம் பெண்கடல் குளம்போல் கிடக்கிறது, மறுபக்கம் ஆண்கடல் அறைகிறது. இங்கே ஓர் அம்மா மணலைத் தோண்டி ஊற்றுநீர் அள்ளிக்கொண்டிருந்தார். இரண்டு கடலுக்கும் நடுவே நல்ல தண்ணீர்! மழைநீர் உப்புநீரைவிட இலேசானது, அதனால் மணலுக்குள் மேலாகத் தங்கிவிடுகிறது என்று அந்தப் பிள்ளையின் கணவர் விளக்கினார். சிறுவயதிலிருந்து குடிக்கிறேன், ஏன் என்று ஒரு நாளும் கேட்டதில்லை. பெரியப்பா, பாலத்துக்கு நாளைக் காலையில் கட்டாயம் வருகிறோம்.

சின்னப்பாலம் அத்தை, இரவு 8:20
பேத்திதான் எழுதுகிறேன். மன்னிப்பெல்லாம் எதற்கு, நாளை மதியம் சாப்பிட வரச்சொல் என்று அப்பத்தா சித்தியிடம் சொல்லச் சொன்னார். அந்தப் பிள்ளையின் பாட்டிக்கு ஒரு கிலோ பாசி காயப்போட்டிருக்கிறார். இரண்டு வெயில் வேண்டுமாம். விமானத்தில் விடுவார்களா என்று கேட்டுச் சொல்லுங்கள் கயல் அக்கா.