4 எம்பி ரவுட்டரில் ஓப்பன்டபிள்யூஆர்டி: எதையும் சேமிக்க மறுக்கிறது

கும்பகோணத்தான்:
பரணில் கிடந்த டிபி-லிங்க் டபிள்யூஆர்841என் ஒன்றில் போன வாரம் ரவுட்டருக்கான லினக்ஸ் இயங்குதளமான ஓப்பன்டபிள்யூஆர்டியின் 18.06 பதிப்பை ஏற்றினேன். அடியில் ஒட்டிய சீட்டில் வெர்ஷன் 9 என்றிருக்கிறது. இரவு ஒன்பது மணிக்கு என் மனைவியின் கைப்பேசி அன்றைய படங்களையெல்லாம் மேலேற்றத் தொடங்கும். அதே நேரத்தில் சிங்கப்பூரிலிருந்து தம்பி அழைப்பான். அவன் குரல் கிணற்றுக்குள்ளிருந்து வருவதுபோல் ஆகிவிடும். நெரிசலில் வரிசையைச் சீராக்கும் எஸ்க்யூஎம் என்ற மென்பொருள் பொதியைப் போட்டால் தீரும் என்று படித்தேன். அதை நிறுவும்போது இடமில்லை என்று பாதியில் நின்றுவிட்டது. தேவையில்லாத நான்கைந்து பொதிகளை நீக்கினேன், ஒரு கேபி கூடக் கூடவில்லை. இப்போது வைஃபை கடவுச்சொல்லை மாற்றினாலும், மின்சாரம் போய்வந்தால் பழையதே நிற்கிறது. பெட்டி அகலிகைபோல் கல்லாகிவிட்டதா?

பழைய ரேடியோ:
கல்லாகவில்லை தம்பி, வயிறு நிறைந்துவிட்டது. அவ்வளவுதான்.

அந்தப் பெட்டியில் சேமிப்பிடமான ஃபிளாஷ் 4 எம்பி, ராம் 32 எம்பி. ஃபர்ம்வேர் படிக்க மட்டுமே முடிகிற ஸ்குவாஷ்எஃப்எஸ் பகுதியில் உட்கார்ந்திருக்கிறது. நீங்கள் செய்யும் மாற்றங்களெல்லாம் அதன்மேல் விரித்த மெல்லிய ஓவர்லே பகுதியில் எழுதப்படுகின்றன. அச்சிட்ட புத்தகத்தின்மேல் கண்ணாடித்தாள் வைத்து எழுதுவதாக நினைத்துக்கொள்ளுங்கள். ஃபர்ம்வேருடனேயே வந்த பொதியை நீக்கினால் அச்செழுத்து அழியாது. "இது நீக்கப்பட்டது" என்ற குறிப்புதான் தாளில் ஏறும். நீக்க நீக்க இடம் குறையவும் கூடும்! நானும் இதில் ஒரு ஞாயிற்றுக்கிழமையை வீணாக்கியவன்.

முதலில் துப்புரவு. கணினிக்கு 192.168.1.2 என்று நிலையான முகவரி கொடுத்து, லேன் துளையில் கம்பியைச் செருகுங்கள். ரவுட்டரை இயக்கியதும் விளக்கு சிமிட்டத் தொடங்கும். அப்போது ரீசெட் பொத்தானை அழுத்தினால் சிமிட்டல் வேகமாகும். அதுதான் ஃபெயில்சேஃப் என்ற மீட்பு நிலை. 192.168.1.1இல் நுழைந்து, ஓவர்லேயைத் துடைக்கும் ஃபர்ஸ்ட்பூட் கட்டளை கொடுத்து, மறுபடி இயக்குங்கள். வைஃபை அணைந்த நிலையில்தான் எழும், பதற வேண்டாம்.

பிறகு ஓப்பன்டபிள்யூஆர்டியின் இமேஜ் பில்டர் கருவியில் உங்களுக்கென்று ஓர் இமேஜ், அதாவது ஃபர்ம்வேர் கோப்பு, கட்டுங்கள். வேண்டாத பொதியின் பெயருக்கு முன் கழித்தல் குறி போட்டால் அது உள்ளேயே வராது. இணைய இணைப்பை பைபர் பெட்டி எடுத்துக்கொடுக்கிறது என்றால் இணைய இணைப்பில் உள்நுழைவதற்கான பிபிபி பொதிகள் எதற்கு? உலாவியில் அமைப்புகளைக் காட்டும் லூசியையும் கழித்துவிடுங்கள், பக்கம் அழகாக இருந்து என்ன பயன்? எஸ்க்யூஎம் ஸ்குவாஷ்எஃப்எஸ்ஸுக்குள்ளேயே நன்றாக அழுந்தி உட்காரும்.

ஏற்றியபின் மேலேற்ற வேகத்துக்கு மட்டும் வரம்பு வையுங்கள். அளந்த வேகத்தில் 85 முதல் 90 சதவீதம் போதும். வரிசை பைபர் பெட்டியில் தேங்காமல் உங்கள் ரவுட்டரிடமே நிற்கும், அழைப்பு முந்திச் செல்லும். இறக்க வேகத்துக்கு 0 என்று கொடுத்தால் அதைத் தொடாது. இந்தச் செயலிக்கு இரண்டு பக்கமும் சுமை வேண்டாம்.

மெய்நிகர் மனிதி:
ரேடியோ ஐயா சொன்னது சரி, ஆனால் 18.06க்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் வருவது எப்போதோ நின்றுவிட்டது. 2021இல் வந்த 21.02 முதல் குறைந்தது 8 எம்பி ஃபிளாஷ், 64 எம்பி ராம் கேட்கிறார்கள். இதை நேராக இணையத்துக்கு முகம் காட்ட விடாமல் பைபர் பெட்டிக்குப் பின்னாலேயே வையுங்கள். புதிதாக வாங்குவதானால் 16 எம்பி ஃபிளாஷ், 128 எம்பி ராம் உள்ளதாகப் பாருங்கள். கடையிலேயே சீட்டைப் புரட்டி வெர்ஷன் எண்ணைப் படியுங்கள். ஒரே பெயர், ஒரே அட்டைப்பெட்டி, உள்ளே வேறு சில்லு என்பது இந்தத் தொழிலில் சகஜம்.

பழைய ரேடியோ:
அதை ஒப்புக்கொள்கிறேன் அம்மா. ஓப்பன்டபிள்யூஆர்டிக்குப் பெயர் தந்த லிங்க்சிஸ் டபிள்யூஆர்டி54ஜி கதையும் அதுதான். 2005இல் வந்த ஐந்தாம் வெர்ஷனில் ஃபிளாஷை 2 எம்பியாக, ராமை 8 எம்பியாகக் குறைத்து லினக்ஸையே எடுத்துவிட்டார்கள். வெளியே அதே நீலப் பெட்டி.

கும்பகோணத்தான்:
ஃபெயில்சேஃப் நான்காவது முயற்சியில் பிடிபட்டது. பொத்தானை அவசரப்பட்டு அழுத்திக்கொண்டிருந்திருக்கிறேன். புது இமேஜும் ஏறிவிட்டது. இரண்டு பெட்டிக்கும் 192.168.1.1 என்றிருந்ததால் ஒரு மணி நேரம் இணையமே வரவில்லை. இதை 192.168.2.1 ஆக்கினேன், வந்துவிட்டது. மேலேற்றம் 20 எம்பிபிஎஸ், 17.5 வைத்திருக்கிறேன். ஆனால் நேற்று இரவும் தம்பியின் குரல் கிணற்றுக்குள்தான்.

பழைய ரேடியோ:
உங்கள் மனைவியின் கைப்பேசி எந்த வைஃபையில் இருக்கிறது?

கும்பகோணத்தான்:
பைபர் பெட்டியில். படங்கள் இந்த ரவுட்டர் வழியே போகவே இல்லை! இப்போதுதான் அதன் வைஃபையை அணைத்தேன். ஒன்பது மணிக்கு மேல் சொல்கிறேன் ஐயா.