ரொறன்ரோ குளிரில் சைக்கிளில் வேலைக்குப் போவது: ஜாக்கெட் வாங்குவதா, ஆணி ரயர் வாங்குவதா?

வடமராட்சியான்:

எல்லோருக்கும் வணக்கம். இந்த வருடம் வைகாசியில் கனடா வந்தேன். ஸ்காபரோவில் மார்க்கம் வீதியும் லோறன்ஸ் அவென்யூவும் சந்திக்கும் பக்கத்தில் ஒரு வீட்டின் நிலக்கீழ் அறையில் வாடகைக்கு இருக்கிறேன். வேலை எக்லின்ரனில், வோர்டன் சந்திக்கு அருகே. ஏறத்தாழ 8 கிலோமீற்றர். காலை 6 மணிக்கு வேலை தொடங்குகிறது. பஸ் என்றால் ஒன்றிலிருந்து இறங்கி இன்னொன்றுக்கு மாற வேண்டும். சைக்கிளில் அரை மணித்தியாலத்தில் போய்விடுகிறேன்.

ஐப்பசி முடியப்போகிறது. கூட வேலை செய்பவர்கள் எல்லோரும் சைக்கிளை இனிச் சித்திரைக்குத்தான் வெளியே எடுக்கலாம் என்கிறார்கள். யாழ்ப்பாணத்தில் பள்ளிக்கூடம், ரியூசன், சந்தை, கோயில் எல்லாவற்றுக்கும் லுமாலா சைக்கிளில் போய் வளர்ந்தவன் நான். சைக்கிளை விட மனம் வரவில்லை. 300 டொலர் வரை செலவழிக்கலாம். கடையில் நல்ல தடித்த ஜாக்கெட் ஒன்று பார்த்து வைத்திருக்கிறேன். அதை வாங்குவதா, ஆணி பதித்த ரயர் வாங்குவதா? எந்தக் குளிர் வரை துணிந்து ஓடலாம்?

நாவற்குழி:

தம்பி, அந்த ஜாக்கெட்டைக் கடையிலேயே விட்டுவிடுங்கள். நான் முதியோர் இல்லம் ஒன்றில் காலைப் பணி செய்கிறேன். தை, மாசியிலும் சைக்கிள்தான். தடித்த ஜாக்கெட்டோடு 8 கிலோமீற்றர் மிதித்தால் பாதி வழியில் முதுகு நனைந்துவிடும். பிறகு ஒரு சிவப்பு விளக்கில் இரண்டு நிமிடம் நின்றால் அந்த வியர்வையே உங்களை நடுங்க வைக்கும். உள்ளே மெல்லிய கம்பளி, அதற்கு மேல் ஒரு சுவெற்றர், எல்லாவற்றுக்கும் மேல் காற்றுப் புகாத மெல்லிய அங்கி. இவ்வளவு போதும். பருத்தி வேண்டாம், ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். வாசலை விட்டு இறங்கும்போது கொஞ்சம் குளிர வேண்டும். அப்போதே இதமாக இருந்தால் கூடுதலாக உடுத்திவிட்டீர்கள் என்று அர்த்தம்.

பணத்தை ரயரிலும் கைகளிலும் போடுங்கள். கைகள்தான் முதலில் விறைக்கும், விறைத்த விரலால் பிறேக் பிடிக்க முடியாது. ஐந்து விரலும் தனித்தனியாக இருக்கும் கையுறையைவிட, விரல்கள் ஒன்றாகச் சேர்ந்திருக்கும் கையுறை நல்ல சூடு தரும். ஹாண்டிலில் மாட்டும் உறைகள் விற்கிறார்கள். கையை அதற்குள் நுழைத்தால் பிறேக்கும் கியரும் உள்ளேயே இருக்கும். உள்ளே மெல்லிய கையுறை ஒன்று போதும். காலுக்கு ஒரு சோடி தடித்த கம்பளிக் கால்மேசு. இரண்டு சோடி போட்டுச் சப்பாத்தை இறுக்கினால் இரத்த ஓட்டம் குறைந்து இன்னும் மோசமாக விறைக்கும்.

எந்தக் குளிர் வரை என்று கேட்டீர்கள். மைனஸ் 15 நல்ல நாள், தம்பி. பனி காய்ந்து ரயருக்கடியில் நறநறக்கும், அவ்வளவாகச் சறுக்காது. பகலில் பிளஸ் 2, இரவில் மைனஸ் 3 என்று வரும் நாட்களுக்குத்தான் நான் பயப்படுவேன். பகலில் உருகி வழிந்த தண்ணீர் விடியுமுன் மெல்லிய படலமாக உறைந்துவிடும். நீங்கள் போகும் இருட்டில் அது வெறும் ஈரத் தார் போலவே தெரியும். வீட்டுப் பீலியிலிருந்து தண்ணீர் வழிந்து நடைபாதையைக் கடக்கும் இடங்கள், பஸ் தரிப்பிடங்கள், வளைவுகள், இந்த மூன்றிலும் வேகத்தைக் குறைத்து, முன் பிறேக்கைத் தொடாமல், உடலைச் சாய்க்காமல் போங்கள்.

கடுங்குளிருக்கும் ஓர் எல்லை உண்டு. காற்றே இல்லாத மைனஸ் 10 நாளில் மணிக்கு 20 கிலோமீற்றர் வேகத்தில் போனால், முகத்தில் படுவது மைனஸ் 18 போன்ற குளிர். வானிலை அறிக்கையில் காற்றோடு சேர்த்துச் சொல்லும் குளிர் மைனஸ் 28ஐத் தாண்டினால், மூடாத தோல் பத்து முதல் முப்பது நிமிடத்துக்குள் உறையத் தொடங்கலாம். அந்த நாட்களில் பஸ்ஸில் போங்கள், அதில் வெட்கமில்லை.

ஸ்பைடினா:

நாவற்குழி அக்கா சொன்னவற்றில் ரயர் விஷயத்தில் மட்டும் எனக்கு வேறு கருத்து. நகர மையத்தில் சாதாரண ரயரிலேயே ஓடுகிறேன். பெரிய வீதிகளில் உப்புப் போட்டு இரண்டொரு நாளில் தார் தெரிய வைத்துவிடுகிறார்கள். ஏரிக்கரையோரம் போகும் மார்ட்டின் குட்மன் பாதையையும் துப்புரவு செய்கிறார்கள். ஆணி ரயர் கனமானது, வெறும் தாரில் இரைச்சலும் கூட. உப்புத்தான் பெரிய எதிரி. செயினை ஒரு மாதத்தில் தின்றுவிடும். வாரம் ஒருமுறை வெதுவெதுப்பான தண்ணீர் ஊற்றித் துடைத்து எண்ணெய் போடுங்கள்.

இங்கே வந்தால் ஸ்ரீற்கார் (வீதியில் ஓடும் ட்ராம்) தண்டவாளத்தைக் கவனியுங்கள். குயீன் வீதி, கொலிச் வீதி எங்கும் உண்டு. ஈரமான இரும்பில் எந்த ரயரும் நிற்காது. முடிந்தவரை செங்குத்தாகக் குறுக்கே கடக்க வேண்டும்.

நாவற்குழி:

தம்பி ஸ்பைடினா, நீங்கள் ஓடும் இடமும் நேரமும் வேறு. இவர் ஐந்தரைக்கு ஸ்காபரோ உள்வீதியில் இறங்குகிறார். அந்த நேரத்தில் பெரிய வீதிக்கு உப்பு வந்திருக்கும், உள்வீதிக்கு வந்திருக்காது. அவர் வழியில் பனி அகற்றிய பாதை கிடைக்கும் என்றும் நம்ப முடியாது. பூங்காப் பாதைகள் பலவற்றில் குளிர்காலப் பராமரிப்பு இல்லை என்று பலகையே வைத்திருக்கிறார்கள். கனத்தையும் இரைச்சலையும் பொறுக்கலாம், இடுப்பெலும்பு முறிந்தால் பொறுக்க முடியாது. முறிந்தவர்களைத் தினமும் தூக்கி உட்கார வைப்பவள் நான்.

வான் சாரதி:

நான் விநியோக வான் ஓட்டுபவன், எங்கள் பக்கத்தையும் சொல்கிறேன். குளிர்காலக் காலையில் பல கார்களின் முன்கண்ணாடியில் பாதிதான் சுரண்டப்பட்டிருக்கும். மீதியில் உப்புத் தண்ணீர் தெறித்துக் காய்ந்து வெள்ளையாக இருக்கும். எதிரே இன்னொரு வண்டியின் வெளிச்சம் பட்டால் எதுவுமே தெரியாது. மார்கழியில் மாலை நாலே முக்கால் அளவிலேயே சூரியன் மறைந்துவிடும், காலை ஏழரைக்குப் பிறகுதான் உதிக்கும். ஆகவே காலையில் போகும்போது உங்களுக்கு முழு இருட்டு. இருட்டில் முன்னே வெள்ளை அல்லது செம்மஞ்சள் விளக்கு, பின்னே சிவப்பு விளக்கு அல்லது ஒளி தெறிப்பான் ஒன்ராறியோவில் சட்டப்படி கட்டாயம். அவற்றோடு கணுக்காலில் ஒளி தெறிக்கும் பட்டி கட்டுங்கள். மேலும் கீழும் அசையும் கால்தான் தூரத்திலிருந்து எங்கள் கண்ணில் படுகிறது.

பனி வாரிய பிறகு வீதியோரம் குவியலாகி லேன் குறுகிவிடும். அப்போது குவியலோடு ஒட்டிப் போகாதீர்கள், நடுவுக்கு வாருங்கள். பின்னால் யாராவது ஹோர்ன் அடித்தால் அடிக்கட்டும்.

வடமராட்சியான்:

மிக்க நன்றி, அக்கா, அண்ணாமார். ரயர்தான் என்று முடிவெடுத்துவிட்டேன். 26 அங்குலச் சில்லு. கைக்குரியதையும் விளக்கையும் வாங்கினால் ஒரு ரயருக்குத்தான் பணம் மிஞ்சும்போலத் தெரிகிறது. எந்தச் சில்லுக்குப் போடுவது? சைக்கிளை இரவில் அறைக்குள் கொண்டுவரலாமா?

நாவற்குழி:

முன்சில்லுக்கு. பின்சில்லு சறுக்கினால் காலை ஊன்றிச் சமாளிக்கலாம், முன்சில்லு சறுக்கினால் அடுத்த கணம் நிலத்தில்தான். டங்ஸ்டன் கார்பைட் ஆணியாகக் கேட்டு வாங்குங்கள், வெறும் இரும்பாணி தாரில் சீக்கிரம் தேய்ந்துவிடும். பனி வருமுன் பூட்டி, காய்ந்த வீதியில் 40 கிலோமீற்றர் அளவு திடீர் பிறேக் இல்லாமல் ஓடுங்கள். ஆணிகள் இறுகி உட்காரும்.

அறைக்குள் வேண்டாம். ஒட்டியிருக்கும் பனி உருகிப் பிறேக் வயரின் உறைக்குள் இறங்கி, காலையில் வெளியே எடுத்ததும் உறைந்துவிடும், பிறேக் பிடிக்காது. வீட்டுக்காரரிடம் கராஜில் ஒரு மூலை கேளுங்கள். விளக்குகளை மட்டும் உள்ளே எடுத்துச் சார்ஜ் போடுங்கள், குளிரில் பற்றரி சீக்கிரம் இறங்கும். காற்றையும் கராஜிலேயே அடியுங்கள். சூடான அறையில் 60 இறாத்தல் (psi) அடித்தால் மைனஸ் 10இல் ஏறத்தாழ 52தான் இருக்கும்.