‘பைஅத்’ – கையுறுதி?

வணக்கம். தொடக்ககால இஸ்லாமிய வரலாற்றை எழுதும்போது, ஒருவரைத் தலைவராக ஏற்றுக் கட்டுப்படுவதாக மக்கள் அவருக்கு அளிக்கும் உறுதியான பைஅத்துக்கு ‘விசுவாசப் பிரமாணம்’ என்று போடுகிறோம். பொருந்தவில்லை. பிரமாணம் ஒருவர் எடுப்பது. பைஅத் இரு தரப்பையும் கட்டும். விற்றல் வாங்கலைக் குறிக்கும் ‘பைஉ’தான் அதன் உறவுச்சொல். 632இல் முதல் கலீஃபாவாகப் பொறுப்புக்கு வந்த அபூபக்ர், தாம் அல்லாஹ்வுக்கும் தூதருக்கும் கட்டுப்படும் வரைதான் தமக்குக் கட்டுப்பட வேண்டும் என்று மக்களிடம் சொல்லித்தான் தொடங்கினார்.

‘தலைமையேற்பு’ என்றாலும் சிக்கல். பதவியேற்பு மாதிரி, தலைவர் ஏற்பதாகப் படும்.

‘கையுறுதி’ என்று வைக்கலாமா? அடைமொழியும் தாங்குகிறது: மதீனாவின் சகீஃபா கூடத்தில் கூடியிருந்தவர்கள் அபூபக்ருக்கு அளித்தது சிறப்புக் கையுறுதி, மறுநாள் மதீனா பள்ளிவாசலில் மக்கள் திரண்டு அளித்தது பொதுக் கையுறுதி. மக்கள் அளிப்பார்கள், தலைவர் பெறுவார்.

—

ஐயா, ‘கை’ இடிக்கிறதே. பெண்களிடம் நபி (ஸல்) அவர்கள் சொல்லால் மட்டுமே பைஅத் வாங்கினார்கள், அவர்களின் கை எந்தப் பெண்ணின் கையையும் தொட்டதில்லை என்று நபிகளின் மனைவி ஆயிஷா (ரலி) அறிவிக்கிறார்கள். நபித்தோழர் இப்னு உமர் (ரலி) உமையா கலீஃபா அப்துல் மலிக்குக்குக் கடிதத்தில் எழுதியே கொடுத்தார்கள். ‘ஏற்புறுதி’ என்றால் எல்லாம் அடங்கும்.

இன்னொன்று, ‘பெறுதல்’ ஆபத்து. ஷைகிடம் (ஆன்மிக வழிகாட்டியிடம்) முரீதாக (சீடராக)ச் சேர்ந்தவரைத்தான் நம் ஊர்களில் ‘பைஅத் பெற்றார்’ என்கிறோம். திசையே மாறிவிடும்.

—

‘பெறுதல்’ பற்றிச் சொன்னது முழுக்கச் சரி, விட்டுவிடுவோம். ‘இன்னாருக்குக் கையுறுதி அளித்தார்’ என்று நான்காம் வேற்றுமையோடு எழுதினால் திசை மாறாது.

‘கை’யை மட்டும் விட மனமில்லை. கைமாற்றை இன்று போனிலேயே அனுப்புகிறோம், பெயர் மாறவில்லை. கைவிடுவதற்கும் கை தேவையில்லை. 628இல் மக்காவுக்கு அருகே ஹுதைபியாவில் மரத்தடியில் தோழர்கள் பைஅத் செய்தபோது, பின்னாளில் மூன்றாம் கலீஃபாவான உஸ்மான் மக்காவில் இருந்தார். நபிகள் தம் ஒரு கையை மறு கைமேல் வைத்து, இது உஸ்மானுக்காக என்றார்கள். வராதவருக்கும் ஒரு கை வேண்டியிருந்தது! ‘ஏற்புறுதி’யில் இந்தக் காட்சி போய்விடும், யார் ஏற்பது என்ற பழைய குழப்பமும் திரும்பும்.

வாக்கியத்தில் வைத்துப் பாருங்கள்: “அடுத்த கலீஃபாவைத் தேர்ந்தெடுக்க உமர் நியமித்த அறுவர் குழுவில் ஒருவரான அப்துர் ரஹ்மான் இப்னு அவ்ஃப், தாம் வைத்த நிபந்தனையை உஸ்மான் ஒப்புக்கொண்டதும் அவருக்குக் கையுறுதி (பைஅத்) அளித்தார்.” முதல் இடத்தில் மட்டும் அடைப்புக்குறி, அப்புறம் தேவையில்லை.