புதுப்பிப்பு: படகு இழுக்க எஸ்யூவி எடுத்தாச்சு (நவி மும்பை)

மீன்பிடி ஃபைபர் படகை டிரெய்லரில் வைத்து நெருலிலிருந்து அலிபாக் வரை இழுக்க ஃபார்ச்சூனர் வாங்குவதா, ஸ்கார்ப்பியோ-என் (Scorpio-N) வாங்குவதா என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி.

கைகொடுத்தது தூத்துக்குடி அண்ணன் சொன்ன யோசனைதான்: "ஷோரூமுக்கு முன்னாடி எடை மேடைக்குப் போங்க தம்பி." படகு, அவுட்போர்டு எஞ்சின், நிரம்பிய பெட்ரோல் டேங்க், ஐஸ் பெட்டி, டிரெய்லர் எல்லாம் சேர்த்து 1,150 கிலோ. இரண்டுமே லேடர் ஃபிரேம் (ஏணி மாதிரியான தனி இரும்புச் சட்டத்தின் மேல் உடல் பொருத்திய) வண்டிகள். ஃபார்ச்சூனர் டீசல் ஆட்டோமேட்டிக்கின் டார்க் (எஞ்சினின் சுழற்று விசை) 500 நியூட்டன் மீட்டர், ஸ்கார்ப்பியோவுடையது 400. இந்த எடைக்கு 400 தாராளம் என்று ஸ்கார்ப்பியோ ஃபோர் வீல் டிரைவே எடுத்தேன். கர்னாலா ஏற்றத்தில் திணறவே இல்லை.

ஆனால் வேகம் கூடினால் டிரெய்லர் வால் ஆட்டியது. டிரெய்லரை வண்டியோடு மாட்டும் கொக்கி மேல் இறங்கும் எடை மொத்தத்தில் 10 சதவீதமாவது வேண்டும் என்று ஒரு அக்கா எழுதியிருந்தார். குளியலறைத் தராசை வைத்துப் பார்த்தால் 60 கிலோதான். ஐஸ் பெட்டியையும் நங்கூரத்தையும் முன்னால் தள்ளி 115 ஆக்கினேன். ஆட்டம் நின்றது.

கடல் வற்றியிருக்கும்போது படகை இறக்கி ஏற்றும் சரிவில் பாசி அப்பியிருக்கும். அங்கே ஃபோர் வீல் டிரைவின் லோ ரேஞ்ச் (மெதுவாக, அதிக இழுவிசையோடு ஓடும் கியர்) இல்லாமல் மேலே ஏற முடியாது.

எதிர்பாராதது ஒன்று: ஓடிவந்த சூட்டோடு டிரெய்லர் சக்கரத்தை நீரில் இறக்கினால், ஹப் (பேரிங் இருக்கும் சக்கரத்தின் நடுப்பகுதி) சட்டென்று குளிர்ந்து உப்புத் தண்ணீரை உள்ளே இழுத்துவிடுகிறது. கிரீஸ் பால் மாதிரி வெளுத்துப்போயிருந்தது. ஹப்பைத் தொட்டுப் பார்த்து, ஆறின பிறகு இறக்குங்கள்.