குடிமராமத்து: வீட்டுக்கு ஒரு ஆள் என்றால் போனது யார்?

கலங்கல்:
ஒரு வாரமாக வாட்ஸ்அப் குழுக்களில் ஒரே பதிவு சுற்றுகிறது. "அரசாங்கம் இல்லாமலே ஆயிரம் வருடம் ஏரியைக் காப்பாற்றியவன் தமிழன். வீட்டுக்கு ஒரு ஆள் மண்வெட்டியோடு வந்தான். யாரும் யாரையும் கட்டாயப்படுத்தவில்லை. வெள்ளைக்காரன் வந்துதான் அந்த ஒற்றுமையைக் கெடுத்தான்." மேலமடை அதை இங்கேயும் கொண்டுவந்து ஒட்டியிருக்கிறார். மனிதர்கள் எதற்காகச் சேர்ந்து உழைக்கிறார்கள் என்று யோசிக்க நம்மிடம் இருக்கிற நல்ல உதாரணமே, ஊரார் கூடி ஏரியைத் தூர் வாரிப் பழுது பார்க்கிற இந்தக் குடிமராமத்துதான். அதிலும் இப்படிப் பொய்யைக் கலந்தால் எரிச்சல் வராமல் என்ன செய்யும்? நான் கேட்பது ஒன்றுதான். வீட்டுக்கு ஒரு ஆள் என்றால் அந்த ஆள் யார்? நாலு வேலி நிலம் வைத்திருந்தவர் தானே இறங்கித் தூர் வாரினாரா, பண்ணையாளை அனுப்பிவிட்டுத் திண்ணையில் உட்கார்ந்திருந்தாரா?

மேலமடை:
நான் ஒட்டியதில் பொய் இல்லை. எங்கள் சிவகங்கைப் பக்கம் கோடையில் கண்மாய் வற்றியதும் தண்டோரா போடுவார்கள். மறுநாள் காலையில் ஊரே கரையில் நிற்கும். வண்டல் அள்ளியவன் தன் வயலுக்குத்தான் அள்ளினான். வயலுக்கு எரு கிடைத்தது, கண்மாயும் ஆழமானது. எந்த அதிகாரி வந்து மிரட்டினான்? மடையை எப்போது திறப்பது, எந்த வாய்க்காலுக்கு முதலில் விடுவது, எல்லாம் ஊர் பேசி முடிவு செய்தது. தமிழன் ஒரு நல்ல காரியம் செய்தான் என்றாலே உங்களுக்கு ஏன் குத்துகிறது? போன மாதம் பொதுக்கிணறு பற்றிப் பேசியபோதும் நீங்கள் இதே மாதிரிதான் வந்து நின்றீர்கள்.

கலங்கல்:
பொதுக்கிணற்றில் யார் தண்ணீர் எடுக்கலாம், யார் எடுக்கக்கூடாது என்று கேட்டேன். அதற்கும் இன்றுவரை நீங்கள் பதில் சொல்லவில்லை.

"யாரும் கட்டாயப்படுத்தவில்லை" என்கிறீர்களே, 1858-இல் வந்த சென்னைக் கட்டாய உழைப்புச் சட்டம் எதற்கு? வெள்ளத்தில் கரை உடையும் ஆபத்து வந்தால் ஆட்களைக் கட்டாயமாக வேலைக்கு இழுக்கலாம், பாசன வேலைக்கு வழக்கப்படி தர வேண்டிய உழைப்பைத் தராதவரிடம் பணம் வசூலிக்கலாம் என்று அதில் இருக்கிறது. ஆசைப்பட்டு வருகிறவனுக்குச் சட்டம் எதற்கு ஐயா?

மேலமடை:
அந்தச் சட்டமே எனக்குத்தான் சாட்சி. முன்பு தானாக நடந்தது. வெள்ளைக்காரர்கள் வரியை ஏற்றி, ஊர்ப் பொதுவிலிருந்து ஏரிக்குப் போன பங்கைப் பிடுங்கிக்கொண்ட பிறகு யாரும் வரவில்லை. அதனால்தான் 1858-இல் சட்டம் போட்டார்கள். அதற்கு முன்னால் ஏன் போடவில்லை? பதில் சொல்லுங்கள்.

கலங்கல்:
"வழக்கப்படி தர வேண்டிய" என்று அந்தச் சட்டமே சொல்கிறது. தர வேண்டியது என்றால் கடமை. கடமை யார் தலையில் விழுந்தது? ஆள் யார்? அதைச் சொல்லுங்கள்.

பழைய ஓலை:
இருவரும் 1858-லேயே நிற்கிறீர்கள். உத்திரமேரூரைப் பார்க்க வேண்டாமா? முதலாம் பராந்தகன் காலக் கல்வெட்டில் ஏரி வாரியம் தெளிவாக இருக்கிறது. முப்பது குடும்பு, அதாவது ஊரின் வார்டுகள், குடவோலை, ஓர் ஆண்டுப் பதவி. முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் மட்டுமல்ல, அவருடைய உறவினரும் நிற்க முடியாது. ஊர்ப் பொதுச் சொத்தைக் காக்க இவ்வளவு கறாரான விதியை 920-லேயே எழுதியிருக்கிறோம்.

கலங்கல்:
அதே கல்வெட்டில் வாரியத்துக்கு நிற்க என்ன தகுதி கேட்டார்கள் என்பதையும் எழுதுங்கள் ஐயா. வரி கட்டுகிற கால் வேலிக்கு மேல் நிலம், சொந்த மனையில் கட்டிய வீடு, வயது 35-க்கு மேல் 70-க்குள், வேதப் படிப்பு. அது சதுர்வேதிமங்கலம், பிராமணர்களுக்குக் கொடுத்த பிரமதேய ஊர். ஏரியில் இறங்கி மண் சுமந்தவனுக்கு அந்தக் குடத்தில் ஓலை உண்டா? மறுபடியும் அதே கேள்விதான். சுமந்த ஆள் யார்?

வைகைக்கரை:
920 என்பது தவறு. பராந்தகனின் 12-ஆம் ஆண்டில் ஒன்று, 14-ஆம் ஆண்டில் ஒன்று. 919, 921. ஓலை என்று பெயர் வைத்துக்கொண்டு ஆண்டைக்கூடச் சரியாகச் சொல்லவில்லை.

பழைய ஓலை:
இரண்டுக்கும் நடுவில் பொதுவாகச் சொன்னேன். கல்வெட்டுப் படிக்கிற எவரும் அதைக் குற்றமாக எடுக்க மாட்டார்கள். நீங்கள் உத்திரமேரூர் மண்டபத்தில் கால் வைத்திருக்கிறீர்களா?

வைகைக்கரை:
வைத்திருக்கிறேன். 919, 921.

இரண்டாம்போகம்:
இந்தச் சண்டை நம் ஊரோடு முடிவதில்லை. பொது மேய்ச்சல் நிலம் என்றால் ஆளாளுக்கு ஒரு மாட்டைக் கூடுதலாக விட்டு அழித்துவிடுவார்கள் என்று 1968-இல் காரெட் ஹார்டின் எழுதினார். தனியாருக்குக் கொடு, இல்லையென்றால் அரசு எடுத்துக்கொள்ளட்டும் என்பதே ரொம்ப காலம் பேச்சாக இருந்தது. எலினோர் ஆஸ்ட்ராம் உலகம் முழுக்க இருக்கிற பாசன ஊர்களையும் மீனவ ஊர்களையும் பார்த்து, மூன்றாவது வழியும் இருக்கிறது என்று காட்டினார். 2009-இல் பொருளாதார நோபல் பரிசு பெற்றார், அந்தப் பரிசை வாங்கிய முதல் பெண். ஸ்பெயினின் வலென்சியாவில் இன்றும் வியாழக்கிழமை நண்பகலில் தேவாலய வாசலில் நீர் மன்றம் கூடுகிறது. வக்கீல் இல்லை, விவசாயிகளே நீதிபதிகள். மக்கள் நல்லவர்களாக இருந்ததால் இதெல்லாம் நிற்கவில்லை. யார் உறுப்பினர் என்ற எல்லை, கண்காணிக்க ஒரு ஆள், முதல் தப்புக்குச் சின்ன அபராதம், திரும்பச் செய்தால் பெரிய அபராதம். விதி இருந்தது, அதனால் நின்றது. கட்டாயமா விருப்பமா என்று பிரிப்பதே சரியில்லை.

மேலமடை:
சகோதரி நன்றாகச் சொன்னார். அரசு இல்லாமல் நடந்தது என்று நான் சொன்னதைத்தான் நோபல் வாங்கிய அம்மாவும் சொல்லியிருக்கிறார்.

இரண்டாம்போகம்:
நான் அப்படிச் சொல்லவில்லை. விதியை விட்டுவிட்டு உங்களுக்கு வேண்டியதை மட்டும் எடுத்துக்கொள்கிறீர்கள்.

கலங்கல்:
வலென்சியாவை விடுங்கள் அம்மா. கண்காணிக்க ஒரு ஆள் என்றீர்களே, நம் ஊரில் அந்த ஆள் யார் என்றுதான் காலையிலிருந்து கேட்கிறேன்.

செம்மண்:
நான் சொல்கிறேன். என் தாத்தா நீர்ப்பாய்ச்சி. செங்கல்பட்டுப் பக்கம் நீர்கட்டி என்பார்கள். ராத்திரி கரையில் படுத்துக்கொள்வார். மழைக்காலத்தில் மடையில் முங்கி அடைப்பை எடுப்பார். தண்ணீர் குறைந்த வருடத்தில் மேல்மடைக்காரர் கூப்பிட்டுக் காசு கொடுத்தாலும் முறை மாறித் தண்ணீர் விடமாட்டார். அந்தக் கண்மாய்ப் பாசனத்தில் எங்களுக்கு ஒரு சென்ட் நிலம் கிடையாது. நிலம் இருந்தால் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்வான், இல்லாதவன்தான் சரியாகப் பங்கு போடுவான் என்று அவரை வைத்திருந்தார்கள். கூலி களத்துமேட்டில் நெல்லாக வரும். அவர் கை காட்டிய பக்கம்தான் ஊர்த் தண்ணீர் பாயும். அவர் மட்டும் ஊர்க்கூட்டத்தில் உட்கார முடியாது, தள்ளி நிற்பார்.

மேலமடை:
பார்த்தீர்களா? ஒரு ஊர் தன் உயிர்த் தண்ணீரையே அவரிடம் நம்பிக் கொடுத்தது. இதைவிட என்ன ஒற்றுமை வேண்டும்?

கலங்கல்:
நிலம் கொடுக்கவில்லை, உட்கார இடம் கொடுக்கவில்லை. இதற்குப் பெயர் ஒற்றுமையா?

செம்மண்:
இரண்டு பேரும் என் தாத்தாவை வைத்து மல்லுக்கட்ட வேண்டாம். அவர் வேலையில் அவருக்குப் பெருமை இருந்தது. ஊர்மேல் கோபமும் இருந்தது. கலங்கல் அண்ணே, நீங்கள் அவரைப் பாவம் என்று பேசுவதும் எனக்குப் பிடிக்கவில்லை. அவர் இல்லாமல் அந்த ஆயக்கட்டில், அதாவது கண்மாய் பாயும் நிலத்தில், ஒரு போகம் விளைந்திருக்காது.

கலங்கல்:
தம்பி, நான் உங்கள் பக்கம்தான் பேசுகிறேன்.

செம்மண்:
பேசச் சொல்லி நான் கேட்கவில்லை.

கலங்கல்:
சரி. மேலமடை அவர்களுக்கு இன்னொன்று. உங்கள் சீமையில் 1948-இல் ஜமீன் ஒழிப்புச் சட்டம் வரும்வரை கண்மாய் யார் கையில் இருந்தது? ஜமீன் கையில். அங்கே கண்மாய்கள் ஒன்றுக்குக் கீழ் ஒன்றாகச் சங்கிலி போல இருக்கின்றன. மேல்கண்மாய் நிரம்பி மறுகால் போனால்தான் கீழ்க்கண்மாய்க்குத் தண்ணீர். மேலூர்க்காரன் உபரித் தண்ணீர் வழிகிற கலங்கலில் கல்லை அடுக்கி ஒரு சாண் உயர்த்துவான். கீழூர்க்காரன் ராத்திரியில் வந்து உடைப்பான். வெட்டுக்குத்து வரை போன ஊர்கள் உண்டு. ஆயிரம் வருட ஒற்றுமை என்று எழுதியவர் இதை எங்கே வைத்தார்? ஓர் ஊர் தனக்குள் கட்டுப்பட்டு நிற்பதே பக்கத்து ஊரோடு மோதத்தான் என்றால் அதையும் எழுதுங்கள். நான் குடிமராமத்தைத் தூக்கிப்போடச் சொல்லவில்லை. அது எப்படி நின்றது என்பதை முழுசாகச் சொல்லுங்கள் என்கிறேன். முழுசாகச் சொன்னால்தான் இன்றைக்கு எதை எடுப்பது, எதை விடுவது என்று தெரியும். பாதியை மறைத்துப் பெருமை பேசினால், 2017-இல் அரசு அதே பெயரில் திட்டம் போட்டபோது நடந்ததுதான் நடக்கும். விவசாயிகள் சங்கம் பங்கு போட்டுச் செய்ய வேண்டிய வேலை. எங்கள் ஏரியில் சங்கம் காகிதத்தில்தான் இருந்தது. வேலை செய்தது ஒப்பந்தக்காரரின் ஜேசிபி.

மேலமடை:
இப்போது அரசியல் வந்துவிட்டது. எங்கள் கண்மாயில் அந்தத் திட்டத்தில் நன்றாகவே வேலை நடந்தது. கரை பலமாக இருக்கிறது, வந்து பாருங்கள்.

வைகைக்கரை:
கரை பலம் சரி. ஊரில் எத்தனை பேர் கண்மாய்த் தண்ணீரை நம்பி நடுகிறார்கள்? மோட்டாரும் இலவச மின்சாரமும் வந்த பிறகு போர்வெல் வைத்திருப்பவன் எதற்குக் கரைக்கு வருவான்? கூட்டு வேலை செத்தது அங்கேதான். வெள்ளைக்காரனும் இல்லை, பராந்தகனும் இல்லை. மேலமடை, உங்கள் தோட்டத்தில் எத்தனை போர்?

மேலமடை:
மூன்று. அதற்கும் இதற்கும் என்ன சம்பந்தம்? என் காசில் போட்டேன்.

வைகைக்கரை:
அப்புறம் கண்மாய்க்குத் தண்ணீர் கொண்டுவரும் வரத்துக்கால் வெட்ட உங்கள் வீட்டிலிருந்து யாராவது வந்தார்களா?

மேலமடை:
ஊருக்கு நான் என்ன செய்தேன் என்று ஊருக்குத் தெரியும். முகம் தெரியாத ஆளிடம் கணக்குக் காட்ட வேண்டியதில்லை.

பழைய ஓலை:
கணக்குக் காட்டாதவர் வாரியத்துக்கு நிற்க முடியாது என்றுதான் கல்வெட்டு சொல்கிறது.

மேலமடை:
ஆண்டைத் தப்பாகச் சொன்னவர் எனக்குக் கல்வெட்டு வாசிக்க வேண்டாம்.

செம்மண்:
கணக்கு என்று வந்ததால் கேட்கிறேன். கண்மாயில் மீன் பிடிக்கிற உரிமையை விடும் மீன்பாசி ஏலப் பணம் உங்கள் ஊரில் எங்கே போகிறது? எங்கள் ஊரில் கோயில் திருவிழாவுக்குப் போகிறது. மடை கதவு துருப்பிடித்துக் கிடக்கிறது.

மேலமடை:
கோயிலும் ஊர்ப்பொதுதான். அதில் என்ன தப்பு?

இரண்டாம்போகம்:
கண்மாயில் வந்த வருமானம் கண்மாய்க்குத் திரும்பவில்லை என்றால் மராமத்துக்குப் பணம் எங்கிருந்து வரும்? நூறு ஏக்கருக்கு மேல் ஆயக்கட்டு இருந்தால் முன்பு பொதுப்பணித்துறை, இப்போது நீர்வளத்துறை, அதற்குக் கீழே ஊராட்சி ஒன்றியம் என்று பிரித்துவிட்டு, ஒவ்வொருவரும் அடுத்தவரைக் கை காட்டுகிறார்கள்.

மேலமடை:
திருவிழாவை நிறுத்தச் சொல்கிறீர்களா? நேராகச் சொல்லுங்கள்.

செம்மண்:
நிறுத்தச் சொல்லவில்லை. ஏலப் பணத்தில் மடைக்கு ஒரு பங்கு எடுங்கள் என்கிறேன். இந்த வருட ஏலத்துக்கு எங்கள் தெரு ஆட்களையும் கூப்பிட்டு உட்கார வையுங்கள் என்றும் சொல்கிறேன். உங்கள் ஊரில் கூப்பிடுவீர்களா?

மேலமடை:
அது எங்கள் ஊர் விஷயம். ஏலம் எப்போதும் போல நடக்கும்.