புதுப்பிப்பு: 11 கலம் நெல் 1452 மரக்கால் ஆன கதை

மன்னார்குடி பக்கம் எங்கள் சித்தப்பாவின் நெல் கணக்குக்கு நான் பெர்ல் நிரல்மொழியில் எழுதிய ஸ்கிரிப்ட் கன்னாபின்னாவென்று கணக்குக் காட்டுகிறது என்று போன வாரம் புலம்பியிருந்தேன். பிழை பிடிபட்டுவிட்டது. முழுக்க என் தப்புதான்.

சித்தப்பா கலத்தில்தான் சொல்வார், எனக்கு மரக்காலில் வேண்டும் (ஒரு கலம் 12 மரக்கால்). அதனால் ஒரு மாறியை 'டை' செய்திருந்தேன், அதாவது அதில் மதிப்பைப் போட்டாலும் எடுத்தாலும் நான் எழுதிய ஒரு மெத்தட் (சிறு நிரல்பகுதி) தானாக ஓடும். மதிப்பு போடும்போது 'ஸ்டோர்' ஓடி 12-ஆல் பெருக்கி வைக்கும். கேட்கும்போது 'ஃபெட்ச்' மரக்காலைத் தரும். 10 கலம் போட்டால் 120 வந்தது. அட்டகாசம் என்று நினைத்தேன்.

அப்புறம் இன்னொரு கலம் வந்தது. '+= 1' என்று எழுதினேன். பெர்ல் முதலில் ஃபெட்சைக் கூப்பிட்டு 120-ஐ வாங்கியது, ஒன்றைக் கூட்டியது, அந்த 121-ஐ ஸ்டோரிடம் கொடுத்தது. அது பாட்டுக்கு மறுபடியும் 12-ஆல் பெருக்கி 1452 ஆக்கிவிட்டது! வரவேண்டியது 132.

"ஃபெட்ச் தருவதை அப்படியே ஸ்டோரிடம் திருப்பிக் கொடுத்துப் பாருங்க" என்று ஒருவர் எழுதியிருந்தீர்கள். சரியாக அதுதான், ஃபெட்ச் தந்தது மரக்கால், ஸ்டோர் எதிர்பார்த்தது கலம். இப்போது இரண்டுமே கலத்தில் பேசுகின்றன. மரக்கால் வேண்டுமென்றால் பெர்லின் 'டைட்' கட்டளை மூலம் அந்த மாறிக்குப் பின்னால் இருக்கும் ஆப்ஜெக்டை எடுத்து, அதற்கென எழுதிய மெத்தடைக் கூப்பிடுகிறேன்.

டை செய்தால் வேகம் குறையும் என்றும் சிலர் சொன்னீர்கள். உண்மைதான், தொடும்போதெல்லாம் ஒரு மெத்தட் ஓடுகிறதே. ஆனால் ஒரு போகத்துக்கு நாற்பது வரி கணக்குதான், போகட்டும்.

சித்தப்பா இன்னும் நோட்டில்தான் எழுதுகிறார்.